கிரேசிக்கு எடுத்துக்கொடுத்தவர்

போன வருஷம் ஆடி மாதத்தில் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோனது. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு மூன்று மாதம் நான் திருச்சியிலேயே தங்கிவிட்டேன். உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றை வாடகைக்கு எடுக்கிறேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், அம்மா கேட்கவில்லை. அப்பாவின் பழைய தேக்குக் கட்டிலில்தான் படுப்பாளாம். சரி என்று கட்டில் காலுக்கடியில் பலகை வைத்து உயர்த்திக் கொடுத்தோம்.

பகல் எப்படியோ ஓடிவிடும். ராத்திரிதான் பெரும்பாடு. படுக்கும்போது போட்ட வலி மாத்திரையின் வேகம் இரண்டு மணிக்கெல்லாம் அடங்கிவிடும், அம்மா விழித்துக்கொள்வாள், அப்புறம் விடிகிறவரை இரண்டு பேருக்கும் தூக்கம் கிடையாது. சீரியல் போடட்டுமா என்றால் வேண்டாம் என்பாள். "அதுல பாதிப் பேர் அழறாங்க, மீதிப் பேர் அழ வைக்கிறாங்க. எனக்கு என் இடுப்பு வலியே போதும்."

அப்படிச் செல்போனில் எதை எதையோ தள்ளிக்கொண்டு போன ஒரு ராத்திரியில்தான் அந்தக் கறுப்பு வெள்ளை நிகழ்ச்சி அகப்பட்டது. 'தி ஜார்ஜ் பர்ன்ஸ் அண்ட் கிரேசி ஆலன் ஷோ'. அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1950 அக்டோபரில் தொடங்கி 1958 செப்டம்பர் வரை எட்டு வருஷம் வந்த நகைச்சுவைத் தொடர். அதில் பல பகுதிகளுக்கு இப்போது காப்புரிமை கிடையாது, அதனால் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கிறது.

ஜார்ஜ் பர்ன்ஸும் கிரேசி ஆலனும் நிஜத்தில் கணவன் மனைவி, நிஜத்தில் நடிகர்கள். தொடரிலும் அவர்கள் ஜார்ஜ் பர்ன்ஸ், கிரேசி ஆலன் என்ற நடிகத் தம்பதிதான். படத்தில் காட்டும் வீட்டின் முகப்புகூட பெவர்லி ஹில்ஸில் அவர்கள் குடியிருந்த வீட்டினுடையது. பிற்பாடு அவர்களுடைய மகன் ரானியும் மகனாகவே வந்து சேர்ந்துகொண்டான். கிரேசி ஏதாவது ஒன்றைத் தன் வழியில் புரிந்துகொள்வார், பக்கத்து வீட்டு பிளான்ச் மார்ட்டன் அதற்குக் கூட்டு சேர்வார், ஊரே குழம்பும். ஜார்ஜ் சுருட்டும் கையுமாக ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

உண்மையைச் சொன்னால், முதல் ஐந்து நிமிஷத்தில் அதை நிறுத்தப் போனேன். அசட்டு மனைவி, சமாளிக்கும் கணவன். இந்த ஜோக்கைத்தானே வார இதழ்களில் பூரிக்கட்டைப் படத்தோடு சின்ன வயதிலிருந்து பார்த்து அலுத்துப்போனோம். அம்மாதான் கையைப் பிடித்தாள். "இரு இரு, அந்தம்மா என்னமோ சொல்ல வருது."

கிரேசி சமையலறையில் நின்று சொல்லும் விஷயங்கள் அமெரிக்காவில் ரொம்பப் பிரபலம். இறைச்சி வேகவைக்க அவருடைய முறை இது: பெரிய துண்டு ஒன்று, சின்னத் துண்டு ஒன்று, இரண்டையும் சேர்த்து ஓவனில் வைக்க வேண்டும். சின்னது கருகிப்போனதும் பெரியது பதமாக வெந்துவிட்டது என்று அர்த்தம். உப்பு ஜாடியில் மிளகுத்தூளும் மிளகு ஜாடியில் உப்பும் போட்டு வைப்பார். காரணம், எல்லோரும் எப்போதும் இந்த இரண்டையும் மாற்றித்தான் எடுக்கிறார்கள், இனிமேல் மாற்றி எடுத்தால் சரியாக இருக்கும்.

இதில் அசட்டுத்தனம் எங்கே இருக்கிறது? யோசித்துப் பார்த்தால் ஒரு கணக்கு இருக்கிறது, அந்தக் கணக்கில் பிசகே இல்லை. தொடங்கிய இடம் மட்டும்தான் வேறு. கிரேசி ஆலன் தன் பாத்திரத்தை அப்படித்தான் நடித்தார். ஜோக் சொல்கிறோம் என்ற பாவனை அவரிடம் கிடையாது. கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடிப்பது, சிரிப்புக்காகக் காத்து நிற்பது எதுவும் கிடையாது. விவரம் தெரியாத உலகத்துக்குப் பொறுமையாக விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் முகம் அது. தான் முட்டாள் என்று அந்தப் பாத்திரத்துக்கு ஒரு கணமும் தோன்றாது. அதனால் நமக்கும் தோன்றாது.

ஒரு ஜோக்கை அம்மாவுக்கு மொழிபெயர்க்கப் போய் ராத்திரி மூன்று மணிக்கு நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். கிரேசி கையில் அழகான பூங்கொத்து. இது ஏது என்று ஜார்ஜ் கேட்கிறார். ஆஸ்பத்திரியில் இருக்கும் சிநேகிதியைப் பார்க்கப் போனால் அவளுக்குப் பூ எடுத்துப் போகச் சொன்னது நீங்கள்தானே, அவள் அந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது எடுத்துக்கொண்டேன் என்கிறார் கிரேசி. ஆங்கிலத்தில் 'அவளுக்குப் பூக்களை' என்பதற்கும் 'அவளுடைய பூக்களை' என்பதற்கும் சொல் ஒன்றேதான். தமிழில் அந்த 'க்கு' வந்து நின்று குட்டை உடைத்துவிடுகிறது. நான் வேற்றுமை உருபையெல்லாம் இழுத்து வைத்து விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்: "இதுக்கு ஏன்டி இவ்வளவு பாடு? 'பார்க்கப் போறப்ப பூ எடுத்துக்கோ'ன்னு அவர் சொல்லியிருப்பார். இவ அங்க போய் எடுத்துக்கிட்டா. அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். அவளே சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அப்புறம், "சிரிச்சா இடுப்பு வலிக்குதுடி, நிறுத்து" என்றாள்.

இரண்டு வாரம் இப்படி ஓடிய பிறகு ஒருநாள் அம்மா கேட்ட கேள்விதான் என்னை இந்தத் தம்பதியைப் பற்றித் தேடிப் படிக்க வைத்தது. "ஏண்டி, இந்த மனுஷன் அந்தம்மாவை ஒரு வார்த்தை திட்டவே மாட்டாரா?"

யோசித்தேன். திட்டுவதில்லை. அதே காலத்தில், 1951இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி'யில் லூசில் பாலும் டெசி அர்னாஸும் நிஜத் தம்பதிதான். அதை நான் ரசித்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதில் லூசி மாட்டிக்கொள்வாள், அழுவாள், கணவன் ஸ்பானிஷில் கத்துவான், சில பகுதிகளில் மனைவியைக் குழந்தை போல மடியில் போட்டு அடிக்கவே செய்வான். ஜார்ஜ் குரல் உயர்த்துவதுகூட இல்லை. அடுத்த கேள்வியைக் கேட்பார், அவ்வளவுதான். வில்லுப்பாட்டில் 'ஆமா' போடுகிறவர் இருப்பாரே, அதுதான் அவர் வேலை. 'ஆமா' சரியான நேரத்தில் விழாவிட்டால் கதை சொல்கிறவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் தடுமாறிவிடுவார். பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது, மேடையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

அந்த இடத்துக்கு ஜார்ஜ் தானாக வந்தவர் இல்லை. நியூயார்க்கின் கீழை ஓரத்து ஏழை யூதக் குடும்பத்தில் 1896இல் பிறந்தவர், சொந்தப் பெயர் நேதன் பிர்ன்பாம். சின்ன வயதிலிருந்தே மேடைதான், ஆனால் பெரிதாக எதுவும் எடுபடவில்லை. கிரேசி சான் ஃபிரான்சிஸ்கோவின் ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். 1920களின் தொடக்கத்தில் இருவரும் நியூஜெர்சியில் சந்தித்து ஜோடி சேர்ந்தார்கள். ஆட்டம், பாட்டு, ஜோக் எல்லாம் கலந்த வாட்வில் மேடைகளின் காலம் அது. ஜோக் எல்லாவற்றையும் ஜார்ஜ் தனக்கு எழுதிக்கொண்டார். கிரேசிக்கு வெறுமனே கேள்வி கேட்கும் வேலை. முதல் காட்சியில் என்ன நடந்தது என்றால், கிரேசி கேட்ட கேள்விகளுக்குக் கூட்டம் சிரித்தது, ஜார்ஜ் சொன்ன ஜோக்குகளுக்குச் சிரிக்கவில்லை. அவர் உட்கார்ந்து மாற்றி எழுதினார். சிரிப்பெல்லாம் கிரேசிக்கு, கேள்வி தனக்கு.

தன் பெயரைப் பெரிதாகப் பார்க்க ஏங்கிய, முப்பதை நெருங்கும் ஒரு நடிகனுக்கு அது லேசான முடிவா? நமக்குத் தெரிந்த எத்தனை பேர் அதைச் செய்வார்கள்? கூட்டம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்று நேர்மையாகக் கவனித்து, அதற்கேற்ப ஒதுங்கி நிற்க ஒரு தெம்பு வேண்டும். கையில் சுருட்டு வைத்திருந்தாரே, அந்தப் புகை கிரேசியின் முகத்தில் பட்டால் கூட்டம் தன்னை வெறுத்துவிடும் என்று, மேடையில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நிற்பாராம். பிற்காலத்தில் அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். எனக்கு அது சிரிக்கிற விஷயமாகப் படவில்லை.

1926 ஜனவரி 7ஆம் தேதி கிளீவ்லாண்டில் கல்யாணம். 1932இல் வானொலிக்கு வந்தார்கள். அங்கே கிரேசியின் 'காணாமல்போன அண்ணனை'த் தேடுவதாக 1933இல் ஒரு கூத்து நடந்தது. கிரேசி மற்ற நிகழ்ச்சிகளுக்குள்ளெல்லாம் திடீரென்று நுழைந்து அண்ணனைப் பார்த்தீர்களா என்று கேட்பார். 1940இல் ஜனாதிபதி தேர்தலுக்கே நின்றார், 'சர்ப்ரைஸ் பார்ட்டி' என்று கட்சிப் பெயர், கங்காரு சின்னம். இதெல்லாம் வேடிக்கைதான். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. 1940களின் தொடக்கத்தில் நிகழ்ச்சிக்குக் கேட்பவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். காரணம் பிடிபடாமல் திண்டாடிய ஜார்ஜ் ஒருநாள் கண்டுபிடித்தார்: நாங்கள் எங்கள் ஜோக்குகளைவிட வயதானவர்களாகிவிட்டோம். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும், இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டும், வானொலியில் இன்னும் கல்யாணமாகாத இளசுகள் போலச் சீண்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். மறுபடி மாற்றி எழுதினார். நிஜத்தில் இருந்தபடியே கணவன் மனைவியாக ஆனார்கள். கேட்பவர்கள் திரும்பி வந்தார்கள். தொலைக்காட்சித் தொடர் அந்தக் கண்டுபிடிப்பின் மேல் கட்டியதுதான்.

தொலைக்காட்சியில் முதல் இரண்டு வருஷம் நேரடி ஒளிபரப்பு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை. 1952இலிருந்து படச்சுருளில் எடுத்து வாரம் ஒன்று. அரங்கத்தின் அமைப்பே வேறு மாதிரி. பக்கத்துப் பக்கத்து வீடுகள் இரண்டும் மேடை போலத் திறந்து கிடக்கும். ஜார்ஜ் கதையிலிருந்து சாவகாசமாக இறங்கி முன்னால் வந்து நம்மோடு பேசுவார், பேசிவிட்டு மறுபடி கதைக்குள் போவார். பிந்தைய வருஷங்களில் மாடியறையில் அவருக்கென்று ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருக்கும். அதில் இதே நிகழ்ச்சியைப் போட்டு, கீழே கிரேசியும் பிளான்ச்சும் என்ன திட்டம் போடுகிறார்கள் என்று பார்த்துத் தெரிந்துகொள்வார்! 1950களில் இதை எப்படி யோசித்தார்களோ.

அதைவிட எனக்குப் பிடித்தது, 1953இல் பிளான்ச்சின் கணவன் ஹாரியாக நடித்தவர் மாறிய விதம். ஃப்ரெட் கிளார்க் விலகிவிட்டார். வேறு தொடராக இருந்தால் அடுத்த வாரம் புது ஆள் சத்தமில்லாமல் வந்து நிற்பார், நாமும் கண்டுகொள்ளாத மாதிரி இருக்க வேண்டும். இங்கே பிளான்ச் கோபத்தில் கணவன் மண்டையில் போடக் கையை ஓங்கி நிற்கிறார். ஜார்ஜ் உள்ளே வந்து காட்சியை அப்படியே நிறுத்தி, இனி ஹாரியாக நடிக்கப் போகிறவர் லாரி கீட்டிங் என்று அறிமுகம் செய்கிறார். கீட்டிங்கும் பிளான்ச்சாக நடிக்கும் பியா பெனடரெட்டும் மரியாதையாக வணக்கம் சொல்லிக்கொள்கிறார்கள். அறிமுகம் முடிந்தது, ஜார்ஜ் போய்விட்டார், ஓங்கிய கை இறங்கியது. இதைப் பார்த்த அன்று அம்மா, "நல்ல பழக்கம். புது ஆளுன்னா சொல்லிடணும்" என்றாள்.

எல்லாமே அருமை என்று சொல்ல மாட்டேன். மார்ட்டன் வீட்டுச் சண்டைகள் பல நேரம் சலிப்பு. கடைசி இரண்டு வருஷத்தில் மகனின் கல்லூரிக் கூத்துகள் வந்து இடத்தை அடைத்துக்கொள்கின்றன. கார்னேஷன் டப்பாப் பாலுக்கு விளம்பரம் கதைக்குள்ளேயே வந்து நிற்கும். முதல்முறை பார்க்கிறவர்கள் 1953க்கும் 1956க்கும் நடுவிலுள்ள பகுதிகளிலிருந்து தொடங்கலாம்.

இப்போது கிரேசிக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த எட்டு வருஷத்தின் பாரம் அவர் தலையில்தான் இருந்தது. வசனம் மனப்பாடம் செய்கிறவர்களைக் கேட்டால் தெரியும், முன்னால் வரும் வசனம்தான் பிடிமானம். 'சாப்பிட்டாயா' என்று ஒருவர் கேட்டால் 'சாப்பிட்டேன்' என்பது தானாக வாயில் வந்துவிடும். கிரேசிக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. சாப்பிட்டாயா என்று கேட்டால் அவருடைய பதில் மாமாவின் குதிரையில் தொடங்கும். ஒரு சொல் தவறினாலும் அந்தக் கோணல் கணக்கு நேராகி, ஜோக் செத்துவிடும். இப்படிப்பட்ட வசனம் வாரத்துக்கு வாரம் பக்கம் பக்கமாக. உடன் நடிப்பவர்களுக்கு வீட்டில் உட்கார்ந்து படித்தால் போதும். இவருக்கு உடைக்கு அளவெடுக்கும்போதும் தலைவாரும்போதும் மனப்பாடம்தான் ஓடியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். அதோடு ஒற்றைத் தலைவலி வேறு அவரை விடாமல் வாட்டியது. சின்ன வயதில் கையில் பட்ட தீக்காயத்தின் தழும்பு தெரியாமலிருக்க நீளக் கை வைத்த உடைகளைத்தான் போட்டார். அடுத்த முறை பார்க்கும்போது கவனியுங்கள். உலகத்திலேயே கவலையில்லாத பெண் என்று நாம் நம்பிப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த முகத்தில் இதில் ஒன்றுகூடத் தெரியாது.

1958இல் போதும் என்று சொல்லிவிட்டார். ஜூன் 4ஆம் தேதி கடைசிப் படப்பிடிப்பு. அதற்குப் பிறகு மேடைக்கும் கேமராவுக்கும் திரும்பவே இல்லை. ஜார்ஜ் அதே எழுத்தாளர்களோடும் நடிகர்களோடும் தன் பெயரில் ஒரு தொடர் தொடங்கினார். எல்லோரும் இருந்தார்கள், கிரேசி மட்டும் இல்லை. ஒரே வருஷத்தில் நின்றுபோனது. யாருக்காக அத்தனை கேள்விகளும் எழுதப்பட்டன என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஜார்ஜுக்கு அது முன்பே தெரியும்.

ஜார்ஜை உத்தமர் என்று சொல்ல வரவில்லை. ஒருமுறை மனைவிக்குத் துரோகம் செய்ததையும் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் தொழிலில் அவர் கொடுத்த இடத்தை ஒருநாளும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

நிகழ்ச்சி முடியும்போது ஜார்ஜ், "குட் நைட் சொல்லு, கிரேசி" என்பார். அதற்கு அவர், "குட் நைட், கிரேசி" என்று பதில் சொல்வதாக அமெரிக்காவில் நிறையப் பேர் இன்னும் நம்புகிறார்களாம். அப்படிச் சொல்வதில்லை. வெறும் "குட் நைட்" மட்டும்தான். நானும் அம்மாவும் பார்த்த அத்தனை பகுதியிலும் காது கொடுத்துக் கேட்டோம். சாதுவாக, மரியாதையாக, ஒரு "குட் நைட்".

புரட்டாசி கடைசியில் அம்மா வாக்கர் பிடித்து வாசல்வரை நடக்கத் தொடங்கினாள். நான் ஊருக்குக் கிளம்ப நாலு நாள் இருந்தது. அன்று ராத்திரி கேட்டாள், "அந்தம்மா போனப்புறம் அவர் என்ன பண்ணினார்?"

கிரேசி 1964 ஆகஸ்டில் இதய நோயால் இறந்ததைச் சொன்னேன். ஜார்ஜ் அதற்குப் பிறகு முப்பத்தோரு வருஷம் இருந்தார், நூறு வயது நிறைந்த பிறகுதான் போனார். எண்பது வயதில் ஆஸ்கர் வாங்கினார். கிரேசியைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதினார். மாதம் தவறாமல் கல்லறைக்குப் போய் அவரிடம் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு வருவார். 1996இல் அவரையும் அங்கேயே வைத்தபோது கல்வெட்டில் முதல் பெயர் கிரேசி ஆலனுடையதுதான், இவர் பெயர் இரண்டாவது. அவர் விருப்பமே அதுதான்.

"அதெல்லாம் சரி. ஆரம்பத்துல எப்படி இருந்தார்? முதல் கொஞ்ச நாள்?"

ராத்திரியில் தூக்கமே வரவில்லையாம் என்றேன். கிரேசிக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து ஒரே அறையில் இருவருக்கும் தனித்தனிக் கட்டில். அவர் போன பிறகு ஜார்ஜ் தன் கட்டிலில் புரண்டு புரண்டு பார்த்திருக்கிறார். கடைசியில் ஒருநாள் எழுந்து போய் கிரேசியின் கட்டிலில் படுத்தார். அன்றைக்குத்தான் தூங்கினாராம்.

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. கட்டில் சட்டத்தின் மேல் கை இருந்தது. தேக்கில் அப்பா கை வைத்து வைத்து வழவழப்பான இடம் அது.

"போனை வச்சிட்டுத் தூங்கு" என்றாள். "எனக்கும் தூக்கம் வருது."